அந்தக் கொசு யாரைக் கடித்தது? ரொனால்ட் ராஸின் வாழ்க்கையும் இன்றைய டிஎன்ஏ சோதனையும்

ராத்திரி காதோரம் ரீங்காரம் போட்ட கொசுவை அடிக்கிறோம். உள்ளங்கையில் ஒரு துளி ரத்தம். அது நம்முடைய ரத்தமா, பக்கத்தில் படுத்திருப்பவருடையதா, வாசலில் கட்டியிருக்கும் மாட்டினுடையதா? பார்த்துச் சொல்ல முடியாது. சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது என்று தோன்றலாம். ஆனால், மலேரியா எப்படிப் பரவுகிறது, அதை எங்கே தடுப்பது என்பதெல்லாம் இந்தக் கேள்விக்கான விடையில்தான் இருக்கிறது.

இன்று ஒரு கொசுவின் வயிற்றில் இருக்கும் ரத்தம் எந்த உயிரினத்துடையது என்று டிஎன்ஏவை வைத்துச் சொல்லிவிடலாம். 1897-ல் அந்த வசதி கிடையாது. அந்த வருடம் இதே கேள்வியோடு செகந்திராபாத்தில் வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்தவர்தான், மலேரியாவைப் பரப்புவது கொசு என்று நிரூபித்து நோபல் பரிசு வாங்கிய ரொனால்ட் ராஸ். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் அந்தக் கேள்விதான், வாழ்நாள் சண்டையை இழுத்துவிட்டதும் அதேதான்.

டாக்டராக விரும்பாத டாக்டர்

ராஸ் பிறந்தது 1857 மே 13 அன்று, இமயமலை அடிவாரத்து அல்மோராவில். அப்பா பிரிட்டிஷ் இந்திய ராணுவ அதிகாரி, பின்னாளில் ஜெனரல். பத்துப் பிள்ளைகளில் ராஸ்தான் மூத்தவர். எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

பையனுக்குக் கவிதை, இசை, ஓவியம், கணக்கு எல்லாவற்றிலும் ஆசை. மருத்துவத்தில் மட்டும் ஆசை இல்லை. அப்பாவின் பிடிவாதத்தால் 17 வயதில் லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் சேர்ந்தார். படிப்பு சுமார்தான். ஒரு தேர்வில் தோற்று, கப்பல் டாக்டராக வேலை பார்த்து, மறுபடி எழுதித் தேறினார். 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். கிடைத்தது சென்னை மாகாணப் பிரிவு.

சென்னை, பர்மா, அந்தமான் என்று வேலை சுற்றியது. 1883-ல் பெங்களூரில் இருந்தபோது தங்கியிருந்த வீட்டில் கொசுத் தொல்லை தாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்ப் பீப்பாயில் கொசுப்புழுக்கள் நெளிவதைப் பார்த்தார். தண்ணீரைக் கொட்டியதும் கொசு குறைந்தது. தேங்கிய தண்ணீரை ஒழித்தால் கொசு ஒழியும் என்ற எண்ணம் அப்போதே மனதில் பதிந்துவிட்டது. ஆனால், அந்தக் கொசுவுக்கும் மலேரியாவுக்கும் தொடர்பு இருக்கும் என்று அன்று அவர் நினைக்கவில்லை.

மான்சன் போட்ட தப்புக் கணக்கு

மலேரியா கெட்ட காற்றால் வருகிறது என்றுதான் பல நூற்றாண்டுகளாக நம்பிவந்தார்கள். 1880-ல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் அல்ஃபோன்ஸ் லாவரான், நோயாளியின் ரத்தத்தில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார். ராஸ் முதலில் இதை நம்பவில்லை. 1894-ல் விடுமுறையில் லண்டன் போயிருந்தபோது பேட்ரிக் மான்சன் என்ற மருத்துவர் நுண்ணோக்கியில் அதைக் காட்டினார். சந்தேகம் தீர்ந்தது.

மான்சனிடம் இன்னொரு யோசனையும் இருந்தது. யானைக்கால் நோய்ப் புழு கொசுவின் உடம்பில் வளர்வதை அவர் ஏற்கனவே காட்டியிருந்தார். மலேரியா ஒட்டுண்ணியும் அப்படித்தான் கொசுவுக்குள் போகிறது என்றார். இதுவரை சரி. ஆனால், கொசு தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் ரத்தம் குடிக்கும், பிறகு தண்ணீரில் முட்டையிட்டுச் செத்துப்போகும், அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு மலேரியா வரும் என்று அவர் நினைத்தார். இங்கேதான் தப்பு.

1895-ல் செகந்திராபாத் வந்த ராஸ், கொசு செத்துக் கிடந்த தண்ணீரைச் சிலருக்குக் குடிக்கக் கொடுத்தும் பார்த்தார். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத வேலை அது. உருப்படியான முடிவு எதுவும் வரவில்லை.

கொசு ஒரு தடவை மட்டும் குடிப்பதில்லை. பெண் கொசுதான் ரத்தம் குடிக்கும். ஒவ்வொரு முறை முட்டையிடும் முன்பும் குடிக்கும். அப்படியானால், ஒரு கொசுவின் உடம்பில் ஏதாவது ஒட்டுண்ணி தெரிந்தால் அது இன்றைய ரத்தத்தில் வந்ததா, போன வாரம் வேறு யாரையோ கடித்தபோது வந்ததா என்ற கேள்வி வரும்.

கொசுவுக்கு ஒரு அணா

இந்தச் சிக்கலுக்கு ராஸ் கையாண்ட வழி எளிமையானது. குளம், குட்டையிலிருந்து புழுக்களைப் பிடித்து வந்து பாட்டிலில் வளர்ப்பது. புழுவிலிருந்து வெளிவரும் கொசு அதுவரை யாரையும் கடித்திருக்காது. அதைக் கொசுவலைக்குள் விட்டு, மலேரியா இருக்கிற ஒரே ஒரு நோயாளியை மட்டும் கடிக்க வைப்பது. வயிற்றில் இருப்பது யாருடைய ரத்தம் என்பதில் அப்புறம் சந்தேகமே கிடையாது.

ஆனால், இரண்டு வருடம் அறுத்துப் பார்த்தும் பலன் இல்லை. காரணம் கொசு இனம். அவர் பெரும்பாலும் சோதித்தது சாம்பல் நிறக் கொசுவையும் வரிக் கொசுவையும். இன்றைய பெயரில் கியூலெக்ஸ், ஏடிஸ். மனித மலேரியா இவற்றில் வளராது.

1897 கோடையில் ஊட்டிக்குப் போனவர், நீலகிரி அடிவாரத்தில் மலேரியாவுக்குப் பேர் போன சீகூர் மலைப்பாதைப் பக்கம் ஆய்வுக்குச் சென்றார். கொசுவலை போட்டுப் படுத்தும் அவருக்கே மலேரியா வந்தது. இறக்கையில் புள்ளிகள் கொண்ட ஒரு கொசு வகையை அங்கேதான் கவனித்தார்.

செகந்திராபாத் திரும்பிய பிறகு, ஆகஸ்டில் உதவியாளர்கள் கொண்டுவந்த புழுக்களிலிருந்து அதேபோன்ற புள்ளி இறக்கைக் கொசுக்கள் வெளிவந்தன. அனோபிலஸ். ஆகஸ்ட் 16 அன்று ஹுசேன் கான் என்ற நோயாளியை அவை கடித்தன. ஒரு கொசுவுக்கு ஒரு அணா என்று அவருக்குக் கூலி.

அடுத்த சில நாட்கள் ஒவ்வொரு கொசுவாக அறுத்தார். கொசு இறக்கை பறந்துவிடும் என்று பங்காவை நிறுத்தச் சொல்லியிருந்தார். வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்திருந்தன. ஆகஸ்ட் 20 அன்று, மிச்சம் இருந்த கொசுக்களில் ஒன்றின் வயிற்றுச் சுவரில் வட்டமான செல்கள் தெரிந்தன. உள்ளே கறுப்புத் துகள்கள். மலேரியா ஒட்டுண்ணியில் மட்டுமே தெரியும் அதே துகள்கள். மறுநாள் அறுத்த கொசுவில் அந்தச் செல்கள் இன்னும் பெரிதாகியிருந்தன. அப்படியென்றால் அவை கொசுவுக்குள் உயிரோடு வளர்கின்றன. அந்த ஆகஸ்ட் 20 தான் இன்று உலகக் கொசு தினம்.

பிடித்துவந்த கொசுவால் வந்த வம்பு

இதற்குப் பின் ராஸ் செய்த ஒரு காரியம் பல வருடங்களுக்கு அவரைத் துரத்தியது. மலேரியா நோயாளியைக் கடித்துக்கொண்டிருந்த சாம்பல் நிறக் கொசுக்கள் சில அவருக்குக் கிடைத்தன. அவற்றிலும் அதே கறுப்புத் துகள் செல்கள். அதையும் கண்டுபிடிப்பாக எழுதி வெளியிட்டுவிட்டார்.

ஆனால், அவை புழுவிலிருந்து வளர்த்த கொசுக்கள் அல்ல. நோயாளியைக் கடிக்கும் முன் எதை எதையெல்லாம் கடித்தன என்று யாருக்கும் தெரியாது. சாம்பல் நிறக் கியூலெக்ஸ் மனித மலேரியாவைச் சுமக்காது. பறவை மலேரியாவைச் சுமக்கும். முன்னால் ஏதோ குருவியைக் கடித்தபோது வந்த ஒட்டுண்ணியாகத்தான் இருக்க வேண்டும் என்பதே பின்னாளில் சொல்லப்பட்ட விளக்கம். இத்தாலிய விலங்கியலாளர் ஜியோவன்னி பத்திஸ்தா கிராஸி இந்த ஓட்டையைத்தான் பிடித்துக்கொண்டார்.

மூன்று குருவிகள்

கண்டுபிடிப்பைத் தொடர விடாமல் செப்டம்பரிலேயே ராஸுக்கு இடமாற்றம் வந்தது. இன்றைய ராஜஸ்தானில் உள்ள கேர்வாராவுக்கு. அங்கே மலேரியா நோயாளியே கிடைக்கவில்லை. லண்டனிலிருந்து மான்சன் முயற்சி செய்து, 1898 பிப்ரவரியில் கல்கத்தாவுக்கு மாற்றல் வாங்கிக் கொடுத்தார்.

கல்கத்தாவில் வேறு பிரச்சினை. பிளேக் பயம் பரவியிருந்த நேரம். வெள்ளைக்கார டாக்டர் ஊசியால் விரலைக் குத்த வந்தால் ஜனங்கள் ஓடினார்கள். நோயாளிகள் கிடைக்காததால் ராஸ் பறவைகளின் பக்கம் திரும்பினார். குருவி, வானம்பாடி, காகம் ஆகியவற்றுக்கும் மலேரியா வரும். உதவியாளர் முகமது பக்ஷ் பறவைகளையும் கொசுப்புழுக்களையும் பிடித்து வந்தார்.

இந்த முறை ராஸ் ரொம்ப ஜாக்கிரதையாக இருந்தார். மூன்று குருவிகளை எடுத்துக்கொண்டார். ஒன்றின் ரத்தத்தில் ஒட்டுண்ணி நிறைய, இன்னொன்றில் கொஞ்சம், மூன்றாவதில் சுத்தமாக இல்லை. வளர்த்த சாம்பல் நிறக் கொசுக்களை ஒவ்வொரு குருவியையும் தனித்தனியாகக் கடிக்க வைத்து, பத்துப் பத்துக் கொசுவாக அறுத்து எண்ணினார். முதல் குருவியைக் கடித்த பத்தில் மொத்தம் 1,009 செல்கள். இரண்டாவதில் 292. மூன்றாவதில் ஒன்றுகூட இல்லை. ரத்தம் யாருடையது என்று தெரிந்தால்தான் இப்படி ஒரு கணக்குப் போட முடியும்.

1898 ஜூலை தொடக்கத்தில், அந்தச் செல்கள் வெடித்து வெளிவரும் நூல் போன்ற கிருமிகள் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் போய்ச் சேர்வதைப் பார்த்தார். குடிதண்ணீர் வாதம் அதோடு முடிந்தது. கொசு கடிக்கும்போதே நோய் உள்ளே போகிறது. நோய்க் கொசுக்களை ஆரோக்கியமான 28 குருவிகளைக் கடிக்க விட்டபோது 22 குருவிகளுக்கு மலேரியா வந்தது.

பரிசும் பகையும்

அதே 1898 இறுதியில் கிராஸியும் அவருடைய சகாக்களும் மனித மலேரியாவின் முழுச் சுழற்சியும் அனோபிலஸ் கொசுவில் நடப்பதை இத்தாலியில் காட்டினார்கள். முதலில் கண்டது யார் என்று சண்டை மூண்டது. ராஸ் நிரூபித்தது பறவை மலேரியாவைத்தான், மனித மலேரியாவை அல்ல என்றது இத்தாலியத் தரப்பு. தன் வேலையைப் படித்துவிட்டு அதே வழியில் போனவர்கள் என்றார் ராஸ். 1902-ல் மருத்துவ நோபல் பரிசு ராஸுக்கு மட்டும் கிடைத்தது. கிராஸிக்கு இல்லை. இருவருக்கும் பங்கு உண்டு என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ராஸ் மட்டும் கடைசிவரை கிராஸியை மன்னிக்கவில்லை.

1899-ல் இந்தியாவை விட்டுப் போனவர் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். சியரா லியோன், சூயஸ் கால்வாய்க் கரையில் உள்ள இஸ்மாயிலியா, மொரீஷியஸ் என்று கொசு ஒழிப்பு வேலைக்காக அலைந்தார். 1911-ல் சர் பட்டம். 1914-ல் முதல் உலகப் போரின் தொடக்கத்திலேயே மூத்த மகனைப் பறிகொடுத்தார். தன் உழைப்புக்கு அரசு போதுமான பணம் தரவில்லை என்ற மனக்குறை கடைசிவரை இருந்தது. முதுமையில் தன் ஆய்வுக் கடிதங்களையும் குறிப்புகளையும் விற்க வேண்டிய நிலை. 1932 செப்டம்பர் 16 அன்று, 75 வயதில் லண்டனில் இறந்தார்.

கணக்கில் ஒளிந்திருந்த கேள்வி

ராஸின் பெயரைச் சொன்னால் கொசுதான் நினைவுக்கு வரும். ஆனால், அவரே பெரிதாக நினைத்தது தன் கணக்கை. 1910-ல் வெளியான மலேரியாத் தடுப்பு பற்றிய நூலிலும், அடுத்த வருடம் வந்த அதன் இரண்டாம் பதிப்பிலும் நோய் பரவுவதைச் சமன்பாடுகளாக எழுதினார். ஊரில் உள்ள கடைசிக் கொசுவரை கொல்லத் தேவையில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே மலேரியா தானாக மங்கிவிடும் என்று அதில் காட்டினார். 1950களில் ஜார்ஜ் மெக்டொனால்ட் அதை விரிவாக்கினார். கொரோனா காலத்தில் நாம் கேட்ட பரவல் கணக்குகளுக்கு இதெல்லாம் முன்னோடி.

அந்தக் கணக்கில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. மலேரியா பரவ ஒரே கொசு மனிதரை இரண்டு தடவை கடிக்க வேண்டும். ஒட்டுண்ணியை வாங்க ஒரு தடவை, கொடுக்க ஒரு தடவை. எனவே கொசு மனிதரைக் கடிக்கும் வேகம் பாதியானால், மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால், பரவல் பாதி அல்ல, கால் பங்காகக் குறையும். அப்போ, ஒரு ஊர்க் கொசுக்கள் குடிக்கும் ரத்தத்தில் மனித ரத்தம் எத்தனை பங்கு, மாட்டு ரத்தம் எத்தனை பங்கு என்று தெரியாமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. வீட்டுக்குள் பறந்து திரியும் கொசுவைப் பாட்டிலில் வளர்த்துக் கேட்க முடியாதே!

முயலிலிருந்து டிஎன்ஏ வரை

முதல் வழி ராஸ் காலத்திலேயே வந்துவிட்டது. 1901-ல் ஜெர்மனியின் பால் உலன்ஹூத், மனித ரத்தக் கறையையும் விலங்கு ரத்தக் கறையையும் பிரித்தறியும் சோதனையைக் கண்டுபிடித்தார். மனித ரத்த நீரை முயலுக்கு ஊசியில் ஏற்றினால் முயலின் உடம்பில் அதற்கு எதிர்ப்பொருள் உருவாகும். அந்த முயலின் ரத்த நீரை மனித ரத்தக் கரைசலில் விட்டால் கலங்கிப் படியும். மாட்டு ரத்தத்தில் விட்டால் அப்படிப் படியாது. கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் நட்டல் இதை நூற்றுக்கணக்கான விலங்குகளின் ரத்தத்தில் சோதித்து 1904-ல் நூலாக வெளியிட்டார். 1920களில் மலேரியாக் கொசுக்களின் வயிற்று ரத்தத்தைச் சோதிக்கவும் இதைப் பயன்படுத்தினார்கள். குறை ஒன்று உண்டு. வெள்ளாடு, செம்மறி ஆடு போன்ற நெருங்கிய உறவுகளைப் பிரித்துச் சொல்லத் திணறும். ஒவ்வொரு விலங்குக்கும் தனித்தனி எதிர்ப்பொருள் வேறு தயாரிக்க வேண்டும்.

இப்போது அந்த வேலையை டிஎன்ஏ செய்கிறது. ரத்தம் குடித்து வயிறு சிவந்த கொசுவைப் பிடித்து, உடனே உறைய வைக்கிறார்கள் அல்லது ஆல்கஹாலில் போடுகிறார்கள். வயிற்றை மட்டும் எடுத்து நசுக்கி டிஎன்ஏவைப் பிரிக்கிறார்கள். அதில் கொசுவின் டிஎன்ஏவும் இருக்கும், அது கடித்த உயிரின் டிஎன்ஏவும் இருக்கும். முதுகெலும்புள்ள விலங்குகளின் டிஎன்ஏவில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் சிறு துண்டுகளைப் போட்டு, எல்லோரும் கேள்விப்பட்ட அதே பிசிஆர் முறையில் ஒரு குறிப்பிட்ட பகுதியைப் பல கோடி பிரதிகளாகப் பெருக்குகிறார்கள்.

பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் பி என்ற மரபணுவை. ஒரு செல்லில் மைட்டோகாண்ட்ரியா ஏராளம் என்பதால் கொஞ்சம் ரத்தம் இருந்தாலே போதும். பெருக்கியதன் எழுத்து வரிசையைப் படித்து, தரவுத்தளத்தோடு ஒப்பிட்டால் மனிதரா, மாடா, நாயா, மைனாவா என்று தெரிந்துவிடும். இன்ன விலங்கு என்று முன்கூட்டியே ஊகிக்கத் தேவையில்லை. குற்றவியல் ஆய்வில் ஆளை அடையாளம் காண்பதுபோல, வீட்டில் இருக்கும் நாலு பேரில் யாரைக் கடித்தது என்பதைக்கூட வேறு மரபணுக் குறிகளை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

பறவை ரத்தத்தில் இது இன்னும் எளிது. பறவைகளின் சிவப்பணுவில் கரு உண்டு. நம் சிவப்பணுவில் கிடையாது. நம் ரத்தத்தில் டிஎன்ஏ வருவது வெள்ளையணுக்களிலிருந்துதான்.

ராஸின் சாம்பல் நிறக் கொசு இன்று கிடைத்திருந்தால்?

இந்தச் சோதனை ராஸின் சிக்கலைத் தீர்த்திருக்குமா? பாதி தீர்த்திருக்கும். கொசு இரண்டு மூன்று நாளில் ரத்தத்தைச் செரித்துவிடும். அதோடு டிஎன்ஏவும் சிதைந்துபோகும். ஒட்டுண்ணி கொசுவுக்குள் முழுதாக வளர ஏறக்குறைய பத்து நாள் முதல் இரண்டு வாரம் ஆகும். ஆகவே, குருவியை எப்போதோ கடித்த கொசு நேற்று மனிதரைக் கடித்திருந்தால், வயிற்றில் மனித ரத்தம்தான் தெரியும். ஆனால், ஒட்டுண்ணிக்கும் டிஎன்ஏ உண்டு. அதைப் படித்திருந்தால் மனித மலேரியாவா, பறவை மலேரியாவா என்று தெரிந்திருக்கும். கிராஸிக்குப் பிடி கிடைத்திருக்காது.

இந்தியக் கிராமங்களில் மலேரியாவைப் பரப்பும் முக்கியமான கொசு அனோபிலஸ் கியூலிசிஃபேசிஸ். அது பெரும்பாலும் குடிப்பது மாட்டு ரத்தம். ஆப்பிரிக்காவின் அனோபிலஸ் காம்பியேவுக்கு மனித ரத்தம்தான் பிடிக்கும். இரண்டு இடத்திலும் ஒரே எண்ணிக்கையில் கொசு இருந்தாலும் ஆபத்து ஒன்றல்ல. மாட்டுத் தொழுவம் பக்கத்தில் இருந்தால் கொசு அங்கே போய்விடுமா, இல்லை அந்த ரத்தத்தைக் குடித்தே பெருகி வீட்டுக்குள்ளும் வருமா என்பதும் ஊருக்கு ஊர் மாறும். கொசுவின் வயிற்றைச் சோதிக்காமல் ஊகத்தில் சொல்ல முடியாது.

மருந்து தோய்த்த கொசுவலைகளைக் கொடுக்கும் திட்டங்களிலும் இந்தச் சோதனை தேவைப்படுகிறது. வலை கொடுத்த பிறகு கொசு எண்ணிக்கை குறையாமல் போகலாம். ஆனால், வயிற்றில் மனித ரத்தத்தின் பங்கு குறைந்திருந்தால் வலை வேலை செய்கிறது என்று அர்த்தம். குறையாவிட்டால், ஜனங்கள் வலைக்குள் போவதற்கு முன்பே சாயங்காலத்திலோ, வாசல் திண்ணையிலோ கொசு கடித்துக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அதற்குத் தகுந்தபடிதான் அடுத்த வேலையைத் திட்டமிட முடியும்.